ஐந்து நொடியில் கொல்லும் நொதி வார்டுக்கு வந்ததும் ஏன் தடுமாறியது?

2001-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் ஃபிஷெட்டியின் குழு ஒரு சிறிய சோதனையின் முடிவை வெளியிட்டது. தொண்டைப்புண்ணை உண்டாக்கும் 'ஏ' வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் சுமார் ஒரு கோடி இருந்த திரவத்தில், ஃபேஜ் ஒன்றிலிருந்து பிரித்த நொதியை 10 நானோகிராம் சேர்த்தார்கள். ஐந்து நொடிக்குள் உயிருள்ள கிருமி எதுவும் மிஞ்சவில்லை. ஆன்டிபயாடிக் உலகில் இப்படி ஒரு வேகத்தை யாரும் பார்த்ததில்லை. பென்சிலினுக்கே மணிக்கணக்கு ஆகும்.

2022 ஜூலையில் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு நொதி, எக்செபகேஸ், மூன்றாம் கட்ட மருத்துவ ஆய்வின் நடுவிலேயே நிறுத்தப்பட்டது. இனித் தொடர்ந்தாலும் பலன் நிரூபணமாக வாய்ப்பில்லை என்று கண்காணிப்புக் குழு சொல்லிவிட்டது. நொதி கிருமியைக் கொல்லவில்லை என்பது அல்ல இதன் பொருள். சோதனைக் குழாயில் அது இன்றும் அதே வேகத்தில்தான் கொல்கிறது. குழாயில் இல்லாத ஏதோ ஒன்று நோயாளியின் உடலில் குறுக்கே நிற்கிறது. அது என்ன என்று புரிய, நொதி பிறந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

வெளியேற வழி தேடும் வைரஸ்

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்தான் பாக்டீரியோஃபேஜ், சுருக்கமாக ஃபேஜ். அது பாக்டீரியாவுக்குள் தன் மரபுப்பொருளைச் செலுத்தி, அதன் இயந்திரங்களைக் கொண்டே நூற்றுக்கணக்கில் பெருகுகிறது. பெருகி முடிந்த பிறகு ஒரு சிக்கல்: வெளியே வர வேண்டும். சுற்றிலும் பெப்டிடோகிளைக்கன் என்ற வலைச்சுவர். அதை உடைக்கத்தான் எண்டோலைசின், சுருக்கமாக லைசின், என்ற நொதியை ஃபேஜ் தயாரித்து வைத்துக்கொள்கிறது.

நொதி தயாரானவுடன் சுவரைத் தின்னத் தொடங்கினால் ஃபேஜுக்கு நஷ்டம். குஞ்சுகள் முழுமையாகும் முன்பே வீடு இடிந்துவிடும். அதனால் எண்டோலைசின் உள்சவ்வுக்கு உள்பக்கமே சேர்ந்துகொண்டிருக்கும். சுவரோ சவ்வுக்கு வெளியே. ஹோலின் என்ற இன்னொரு சிறு புரதம் சவ்வில் சேர்ந்துகொண்டே வந்து, குறிப்பிட்ட அளவை எட்டியதும் திடீரெனத் துளைகளைத் திறக்கிறது. அந்தத் துளை வழியே எண்டோலைசின் சுவரை அடைகிறது. மிச்ச வேலையை பாக்டீரியாவின் உள்ளழுத்தமே பார்த்துக்கொள்ளும். சுவருக்கு மேல் வெளிச்சவ்வு இல்லாத கிராம் பாசிட்டிவ் வகைகளில் இந்த அழுத்தம் 15 முதல் 25 வளிமண்டலம் வரை இருக்கும். கார் டயரில் நாம் ஏற்றுவது ஏறத்தாழ 2. சுவரில் ஓரிடத்தில் பிணைப்புகள் அறுந்தாலே போதும், சவ்வு அந்த வழியே பிதுங்கி வெடித்துவிடும். ஐந்து நொடி வேகத்தின் ரகசியம் இதுதான். நொதி சுவரை முழுவதும் கரைப்பதில்லை, ஒரு ஓட்டை போட்டால் போதும்.

உள்ளிருந்து வேலை செய்யப் படைக்கப்பட்ட இந்த நொதியைத் தனியே தயாரித்து வெளியிலிருந்து ஊற்றினால்? கிராம் பாசிட்டிவ் கிருமிகளுக்குச் சுவருக்கு மேல் இன்னொரு சவ்வு கிடையாது. சுவர் வெளியே தெரிகிறது, நொதி நேராகப் போய் அதை அறுக்கிறது. ஹோலினுக்கு வேலையே இல்லை. மருத்துவ யோசனை முழுவதும் இந்த ஒரு உண்மையின் மேல் நிற்கிறது.

ஃபேஜையே மருந்தாகக் கொடுப்பதும் இதுவும் ஒன்றல்ல என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், செய்திகளில் இரண்டும் அடிக்கடி குழம்புகின்றன. முழு ஃபேஜ் உடலுக்குள் பெருகும்; போட்ட அளவும் உள்ளே இருக்கும் அளவும் வேறு. பெரும்பாலும் ஒரே இனத்தின் சில ரகங்களை மட்டுமே தாக்கும், ஆகவே நோயாளிக்கு நோயாளி ஃபேஜைத் தேடிப் பொருத்த வேண்டும். கிருமி தன் மேற்பரப்பில் ஃபேஜ் ஒட்டும் ஏற்பியை மாற்றிக்கொண்டு எளிதில் தப்பிக்கும். லைசின் ஒரு புரதம், அவ்வளவுதான். பெருகாது. அளவு கணக்கிடலாம், இன்சுலினைப் போல ஒரே தரத்தில் தயாரித்துக் குப்பியில் அடைக்கலாம். ஒரே லைசின், சீழ்க்கட்டியிலிருந்து இரத்தத் தொற்று வரை உண்டாக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியின் ஏறத்தாழ எல்லா ரகங்களையும் தாக்கும், மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படாத ரகமான எம்.ஆர்.எஸ்.ஏ உட்பட. மருந்து நிறுவனங்களும் ஒழுங்குமுறை அமைப்புகளும் ஃபேஜைவிட லைசினை நிம்மதியாகப் பார்ப்பதற்கு இதுவே காரணம்.

அறுக்கும் பகுதி, பிடிக்கும் பகுதி

கிராம் பாசிட்டிவ் கிருமிகளைத் தாக்கும் லைசின்கள் பெரும்பாலும் 25 முதல் 40 கிலோடால்டன் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அலகு) எடை கொண்டவை, இரண்டு துண்டாக அமைந்தவை. ஒரு முனையில் பிணைப்பை அறுக்கும் பகுதி, மறுமுனையில் சுவரைப் பிடித்துக்கொள்ளும் பகுதி, நடுவே நெகிழ்வான ஒரு இணைப்பு.

அறுக்கும் பகுதிகளை, எந்தப் பிணைப்பைத் தொடுகின்றன என்பதை வைத்து வகைப்படுத்துவார்கள். பெப்டிடோகிளைக்கன் என்பது சர்க்கரைச் சங்கிலிகளைக் குட்டைப் பெப்டைடுகள் குறுக்கே கட்டிய வலை. சிலது சர்க்கரைக்கும் சர்க்கரைக்கும் இடையே வெட்டும். அமிடேஸ் வகை, சர்க்கரையையும் பெப்டைடையும் சேர்க்கும் கணுவை வெட்டும். எண்டோபெப்டிடேஸ் வகை பெப்டைடுப் பாலங்களை வெட்டும். ஃபேஜ் கே-யின் லைசினான லைஸ்-கே-யில் இரண்டு அறுக்கும் பகுதிகள் ஒரே புரதத்தில் இருக்கின்றன. ஒன்று பாலத்தின் தொடக்கத்தை வெட்ட, மற்றது சர்க்கரைக் கணுவை வெட்டுகிறது. முதலில் சொன்ன ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நொதி, பிளை-சி, இந்த எளிய அமைப்புக்கே விதிவிலக்கு. அதில் பிடிக்கும் துண்டுகள் எட்டு வளையமாகச் சேர்ந்து, அறுக்கும் துண்டு ஒன்றைத் தாங்குகின்றன. மொத்த எடை 114 கிலோடால்டன். அந்த எடையை வைத்து 10 நானோகிராமைக் கணக்கிட்டால் ஒரு கிருமிக்கு ஏறத்தாழ 5,000 மூலக்கூறு வருகிறது.

பிடிக்கும் பகுதிதான் குறியைத் தேர்ந்தெடுக்கிறது. நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸைத் தாக்கும் சி.பி.எல்-1 என்ற லைசின், அந்தக் கிருமியின் சுவரில் உள்ள கோலின் என்ற சிறு மூலக்கூறைப் பிடிக்கும். நிமோகாக்கஸுக்குக் கோலின் தவிர்க்க முடியாத தேவை, எளிதில் மாற்றிக்கொள்ள முடியாது. லைசினுக்கு எதிர்ப்புத்தன்மை அரிதாகவே தோன்றுவதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம் இது: கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஃபேஜ் தேர்ந்தெடுத்திருப்பது, கிருமியால் கைவிட முடியாத பாகத்தைத்தான். கை தவறினால் ஃபேஜின் வம்சமே உள்ளே சிக்கிக்கொள்ளும்.

விளக்கம் சரிதான், ஆனால் அதை 'எதிர்ப்பே வராது' என்று நீட்டுவது தவறு. லைசோஸ்டஃபின் என்ற நொதியைப் பார்க்கலாம். அது ஃபேஜிலிருந்து வந்ததல்ல, ஸ்டஃபிலோகாக்கஸ் சிமுலன்ஸ் என்ற பாக்டீரியா தன் போட்டியாளர்களைக் கொல்லச் சுரப்பது. ஆரியஸின் சுவரில் கிளைசின் என்ற அமினோ அமிலம் ஐந்து கோத்த பாலத்தை அது வெட்டும். அந்தப் பாலத்தைக் கட்டும் ஃபெம்-ஏ மரபணுவில் பிறழ்வு வந்தால் பாலம் குட்டையாகிவிடும், லைசோஸ்டஃபினுக்கு வேலை இருக்காது. இப்படிப்பட்ட பிறழ்விகள் ஆய்வகத்தில் எளிதாகவே கிடைத்தன. அவை பலவீனமான கிருமிகள், பென்சிலின் குடும்பமான பீட்டா-லாக்டம் மருந்துகளுக்கு மறுபடி கட்டுப்படத் தொடங்கின என்பது ஒரு ஆறுதல். ஆனாலும் சுவரை அறுக்கும் நொதிக்கு எதிர்ப்பு சாத்தியமே இல்லை என்ற வாதத்தை இந்த ஒரு உதாரணமே உடைக்கிறது.

பிடிப்பு பற்றி இன்னொன்று. நொதி என்றால் ஒரு மூலக்கூறு ஓய்வில்லாமல் ஆயிரம் பிணைப்புகளை வெட்டிக்கொண்டே போகும் என்று பாடப்புத்தகம் சொல்லும். லைசின்கள் அப்படி இல்லை. சுவரை இறுகப் பிடித்துக்கொள்வதால், கிருமி வெடித்த பிறகும் அதன் சுவர்த் துண்டுகளிலேயே ஒட்டிக்கிடக்கும். அடுத்த கிருமிக்குப் போகாது. ஃபேஜின் கோணத்தில் இது புத்திசாலித்தனம், ஏனென்றால் பக்கத்திலிருக்கும் கிருமிகள் அதன் குஞ்சுகளுக்கு நாளைய வீடு. மருந்தின் கோணத்தில் பார்த்தால், இறந்த கிருமிகளின் குப்பையே நொதியை உறிஞ்சிவிடுகிறது. கிருமிகள் அடர்ந்து, செத்ததும் உயிருள்ளதும் கலந்து கிடக்கும் சீழிலோ இதய வால்வில் படியும் கட்டியிலோ இது சாதாரணக் குறை அல்ல.

தயாரிப்பும் அளவீடும்: எங்கே வழுக்கும்

ஆய்வகத்தில் ஒரு லைசினை உருவாக்குவது, காகிதத்தில், எளிது. மரபணுவை, ஆய்வகங்களில் புரதம் தயாரிக்கப் பயன்படும் ஈ.கோலை பாக்டீரியாவின் பி.எல்.21 ரகத்தில் ஏற்றி, 37 டிகிரியில் ஒளி அடர்த்தி (கலங்கலின் அளவு) 0.6 வரும்வரை வளர்த்து, வெப்பத்தை 16–18 டிகிரிக்கு இறக்கி, புரதத் தயாரிப்பைத் தூண்டும் ஐ.பி.டி.ஜி 0.1 முதல் 0.5 மில்லிமோலார் சேர்த்து இரவு முழுவதும் விடுவார்கள். குளிர வைக்காமல் விட்டால் புரதம் அவசரமாக உருவாகி, சரியாக மடியாமல் கட்டிகளாகத் திரண்டுவிடும். அதிலிருந்து செயலுள்ள நொதியை மீட்பது பெரும் பாடு. சுவரை அறுக்கும் நொதியைத் தயாரிக்கும் ஈ.கோலை ஏன் சாவதில்லை என்று கேட்கலாம். நொதி உள்சவ்வுக்கு உள்ளே அடைபட்டிருக்கிறது, ஹோலின் இல்லை, வழி இல்லை. சில லைசின்களுக்கு மட்டும் சவ்வைத் தானே தாண்டும் வால் உண்டு. அவற்றைக் குளோன் செய்தால் வளர்ப்பு திடீரெனச் சரிந்துவிடும்.

செல்களைப் பனியில் வைத்து ஒலியலையால் உடைத்து, தெளிந்த நீரை, புரதத்தின் முனையில் ஒட்டிய ஹிஸ்டிடின் வாலைப் பிடிக்கும் நிக்கல் பத்தியில் ஏற்றி, 20 மில்லிமோலார் இமிடசோலால் கழுவி, 250 மில்லிமோலாரால் இறக்குவது வழக்கமான முறை. சி.பி.எல்-1-க்கு இதைவிட அழகான வழி உண்டு: டி.ஈ.ஏ.ஈ பத்தி கோலினைப் போன்றிருப்பதால் நொதி அதிலேயே ஒட்டிக்கொள்ளும், கோலின் கரைசல் ஊற்றினால் இறங்கிவிடும். பிடிப்புக்கான வால் ஒட்டவே தேவையில்லை.

இங்கே செய்யும் வழக்கமான பிழை, பழக்கதோஷத்தில் சேமிப்புக் கரைசலில், உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ சேர்ப்பது. அமிடேஸ்கள் பலவற்றுக்கு துத்தநாகம் வேண்டும், லைஸ்-கே-யின் பாலம் வெட்டும் பகுதிக்குக் கால்சியம் வேண்டும். ஈ.டி.டி.ஏ இரண்டையும் பிடுங்கிக்கொள்ளும். நொதி தூய்மையாக, அழகாக, செயலற்று நிற்கும். சாப் என்று அழைக்கப்படும் அறுக்கும் பகுதி சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை வைத்து வெட்டுவது; காற்றில் அது ஆக்சிஜனேற்றம் அடைந்தாலும் இதே கதை.

அடுத்த தலைவலி எண்டோடாக்சின். ஈ.கோலை வெளிச்சவ்வின் இந்த மிச்சம் இரத்தத்தில் போனால் காய்ச்சல், குளிர்நடுக்கம், அளவு மீறினால் இரத்த அழுத்தம் சரியும் 'ஷாக்' நிலை. சிரை வழி மருந்துகளுக்கு வரம்பு, உடல் எடை கிலோவுக்கு மணிக்கு 5 எண்டோடாக்சின் அலகு. கிலோவுக்கு 0.25 மில்லிகிராம் நொதியை இரண்டு மணி நேரத்தில் ஏற்றுவதாக இருந்தால், ஒரு மில்லிகிராம் புரதத்தில் 40 அலகுக்கு மேல் இருக்கக்கூடாது என்று கணக்கு வரும். நிக்கல் பத்தியிலிருந்து நேராக இறங்கிய புரதம் இதன் பக்கத்தில்கூட வராது. டிரைட்டன் எக்ஸ்-114 என்ற சோப்புப் பொருள் கொண்டு பிரிப்பது, அயனிப் பரிமாற்றப் பத்தி என்று மேலும் பல படிகள் தேவை. நேர்மின்னூட்டம் அதிகமுள்ள லைசின்கள் எண்டோடாக்சினைத் தாமே பிடித்துவைத்துக்கொள்ளும், அவற்றைச் சுத்தம் செய்வது இன்னும் கடினம். விலங்குச் சோதனையில் 'நொதி நச்சாக இருக்கிறது' என்று ஒரு ஆய்வுக்கூடம் சொன்னால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எண்டோடாக்சின் அளவுதான்.

செயல்திறனை அளக்கப் பொதுவான வழி கலங்கல் சோதனை. வளர்ந்துகொண்டிருக்கும் கிருமிகளைக் கழுவி, பி.எச் 7.4 பாஸ்பேட் கரைசலில் ஒளி அடர்த்தி 1 வருமாறு கலக்கி, நொதியைச் சேர்த்து அரை நிமிடத்துக்கு ஒருமுறை படிப்பார்கள். கலங்கல் தெளிய எடுக்கும் நேரமே நொதியின் வேகம். ஆனால் கிருமிகள் திரண்டு அடியில் உட்கார்ந்தாலும் கலங்கல் குறையும், ஒன்றும் செத்திருக்காது. ஆகவே தட்டில் பூசி எண்ணிப் பார்ப்பதும் வேண்டும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. மாதிரியோடு சேர்ந்து நொதியும் தட்டுக்குப் போய், அங்கே போன பிறகு கிருமியைக் கொல்லும். பத்து நிமிடத்தில் செத்ததாக நாம் எழுதிக்கொள்வோம். கழுவியோ புரோட்டினேஸ் சேர்த்தோ நொதியை நிறுத்திவிட்டுப் பூசுவதே சரி. இன்னொன்று, வளரும் கிருமி எளிதில் வெடிக்கும். வளர்ச்சி நின்று ஓய்ந்த கிருமி அவ்வளவு எளிதில் வெடிக்காது. நாள்பட்ட தொற்றில் இருப்பவை பெரும்பாலும் இரண்டாம் வகை.

எக்செபகேஸ் கதையில் இந்த அளவீட்டுச் சிக்கல் ஒரு படி மேலே போனது. ஆன்டிபயாடிக்குகளுக்குப் பயன்படும் வழக்கமான வளர்ப்புக் கரைசலில் அதன் குறைந்தபட்சத் தடுப்பு அளவு (கிருமி வளராமல் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த செறிவு) பொய்யாக உயர்ந்து தெரிந்தது. கரைசலில் 25 சதவீதம் குதிரைச் சீரமும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் டி.டி.டி 0.5 மில்லிமோலாரும் சேர்த்த பிறகே நிலையான எண் கிடைத்தது. இரத்தத்தின் சீரம் மருந்தைத் தடுப்பதுதான் வழக்கம். இங்கே அது உதவியது. மனிதச் சீரத்தில் உள்ள லைசோசைம், அல்புமின் ஆகிய புரதங்கள் இந்த நொதியோடு கூட்டுச் சேர்ந்து கொல்கின்றன என்று பின்னர் தெரிந்தது. எலிச் சீரத்தில் அந்த அளவு கூட்டு இல்லை. எலியில் கிடைத்த எண்ணை மனிதனுக்கு மாற்றும்போது இதையும் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது.

31.3 சதவீதம் என்ற எண்

எக்செபகேஸ் பன்றிகளைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் கிருமிக்குள் உறங்கிக் கிடந்த ஒரு ஃபேஜிலிருந்து வந்தது. எடை 26 கிலோடால்டன். விசித்திரம் என்னவென்றால், ஸ்ட்ரெப்டோகாக்கஸின் ஃபேஜிலிருந்து வந்த நொதி ஸ்டஃபிலோகாக்கஸையும் தீவிரமாகத் தாக்கியது. அமெரிக்காவின் கான்ட்ராஃபெக்ட் நிறுவனம் இதை ஆரியஸ் இரத்தத் தொற்றுக்கு மருந்தாக வளர்த்தது. நோயாளிக்கு வான்கோமைசின், டாப்டோமைசின் போன்ற வழக்கமான மருந்துகள் போய்க்கொண்டிருக்கும்போதே கிலோவுக்கு 0.25 மில்லிகிராம் வீதம் ஒரே ஒரு தடவை, இரண்டு மணி நேரம் சிரை வழி ஏற்ற வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 15 மில்லிகிராம்தான். அதே ஆளுக்கு வான்கோமைசின் ஒரு வேளைக்கே 900 முதல் 1,200 மில்லிகிராம் வரை போகும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு நொதியின் அளவைப் பாதியாக்கினார்கள்.

இரண்டாம் கட்டத்தில் 116 பேரின் முடிவுகள் கணக்கில் வந்தன. 14-ஆம் நாளில் நொதி பெற்ற 71 பேரில் 70.4 சதவீதத்தினர் தேறினர், பெறாத 45 பேரில் 60 சதவீதத்தினர். இந்த வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடியது. ஆனால் எம்.ஆர்.எஸ்.ஏ நோயாளிகளை மட்டும் பிரித்தால் படம் மாறியது: 74.1 சதவீதம், எதிரே 31.3 சதவீதம். எல்லோரும் பிடித்துக்கொண்டது இந்த எண்ணைத்தான். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ 2020-இல் இதற்குத் 'திருப்புமுனைச் சிகிச்சை' தகுதி கொடுத்தது. மூன்றாம் கட்ட ஆய்வும் எம்.ஆர்.எஸ்.ஏ நோயாளிகளை மையமாக வைத்தே அமைந்தது.

சதவீதத்துக்குப் பின்னால் எத்தனை பேர் என்று பார்த்தால் கதை தெளிவாகிவிடும். 74.1 என்பது 27 பேரில் 20. 31.3 என்பது 16 பேரில் 5. நொதி பெறாத அந்த 16 பேரில் இன்னும் மூன்று நான்கு பேர் பிழைத்துத் தேறியிருந்தால் பெரும் இடைவெளியில் பாதி போயிருக்கும். மூன்றாம் கட்டத்தில் அதுதான் நடந்தது. நொதி பெறாத எம்.ஆர்.எஸ்.ஏ நோயாளிகள் 33 பேரில் 20 பேர் தேறினர், அதாவது 60.6 சதவீதம். நொதி பெற்ற 64 பேரில் 32 பேர், சரியாக 50 சதவீதம். இரண்டு கட்டங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும்: இரண்டாம் கட்டத்தில் நொதிக் குழு அசாதாரணமாக நன்றாகச் செய்தது என்பதைவிட, ஒப்பீட்டுக் குழு அசாதாரணமாக மோசமாகச் செய்தது என்பதே உண்மைக்கு நெருக்கம். சிறு குழுவின் துரதிர்ஷ்டத்தை மருந்தின் வெற்றியாகப் படித்துவிட்டார்கள்.

புள்ளியியல் மட்டுமே காரணம் என்று விட்டுவிடவும் முடியாது. இரத்தத்தில் மிதக்கும் கிருமி ஒரு சிறு பங்குதான். ஆரியஸ் தொற்றில் ஆட்களைக் கொல்வது இதய வால்வில், முதுகெலும்பில், மூட்டில் போய் ஒளிந்த கிருமி. 26 கிலோடால்டன் புரதம் வான்கோமைசினைவிடப் பதினெட்டு மடங்கு கனமானது. வால்வின் மேல் உறைந்த ஃபைப்ரின் கட்டிக்குள் அது ஊறிப்போக நேரம் வேண்டும். அந்த நேரம்தான் அதற்கு இல்லை. எஸ்.ஏ.எல்.200 என்ற கொரிய லைசினை ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கிலோவுக்கு 0.1 முதல் 10 மில்லிகிராம் வரை ஏற்றிப் பார்த்ததில், இரத்தத்தில் அதன் அரை ஆயுள் சில நிமிடங்களிலிருந்து அரை மணிக்கும் குறைவாகவே இருந்தது. எல்லா லைசினும் இவ்வளவு விரைவில் மறைவதில்லை, ஆனாலும் ஒரு வேளை மருந்து நாள்கணக்கில் நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. திரும்பத் திரும்பக் கொடுத்தால் அந்நியப் புரதத்துக்கு உடல் எதிர்பொருளை உருவாக்கும். விலங்குகளில் எதிர்பொருள் இருந்தும் நொதி வேலை செய்தது, வேகம் மட்டும் குறைந்தது என்ற முடிவுகள் உண்டு. ஒவ்வாமை அபாயத்தை அந்த முடிவுகளை வைத்துத் தள்ளிவிட முடியாது.

இன்னொரு காரணம் ஆய்வு அமைப்பிலேயே இருக்கிறது. எல்லோருக்கும் நல்ல ஆன்டிபயாடிக் போகிறது. அதற்கு மேல் நொதி என்ன கூட்டிக் கொடுக்கிறது என்று மட்டுமே அளக்க முடியும். வான்கோமைசினுக்கும் கட்டுப்படாத கிருமி இருக்கும் இடத்தில்தான் நொதியின் தனி மதிப்பு தெரியும், ஆனால் அப்படிப்பட்ட ஆரியஸ் நோயாளிகள் உலகம் முழுவதும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள்.

பெரிய எதிரிக்கு இன்னொரு மதில்

எம்.ஆர்.எஸ்.ஏ ஆபத்தானதுதான், 2019-இல் உலகில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மரணங்களுக்கு அதன் மருந்து எதிர்ப்பு நேரடிக் காரணம் என்று மதிப்பிடப்பட்டது. ஆனால் இந்தியத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் டாக்டர்கள் கைபிசைவது பெரும்பாலும் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ் முன்னால். மூன்றும் கிராம் நெகட்டிவ். இவற்றின் பெப்டிடோகிளைக்கன் மெல்லியது, லைசினுக்கு ஒரு வாய்க்குக்கூடப் போதாது. ஆனால் அதற்கு மேல் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த லிப்போபாலிசாக்கரைடு போர்த்திய வெளிச்சவ்வு. ஃபேஜ் உள்ளிருந்து உடைத்துக்கொண்டு வருவதால் அதற்கு இது பெரிய தடையில்லை. வெளியிலிருந்து வரும் நொதிக்கு மூடிய கதவு.

பழைய வழி ஈ.டி.டி.ஏ. வெளிச்சவ்வைப் பிணைத்து வைத்திருக்கும் மக்னீசியத்தையும் கால்சியத்தையும் அது பிடுங்கிவிட்டால் சவ்வு தளர்ந்து, நொதி நுழையும். காதுச் சீழ், புண் போன்ற மேற்பரப்பில் இது சாத்தியம். இரத்தத்தில் அந்த அளவு ஈ.டி.டி.ஏ ஏற்றினால் நோயாளியின் கால்சியமும் சேர்ந்து போய்விடும்.

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் ஈவ் பிரியர்ஸ், ராப் லவீன் குழு வேறு வழியில் போனது. சூடோமோனாஸ் ஃபேஜ் ஒன்றின் லைசினோடு, செம்மறியாட்டிலிருந்து வந்த எஸ்மாப்-29 என்ற நேர்மின்னூட்டப் பெப்டைடை ஒட்டினார்கள். பெப்டைடு வெளிச்சவ்வைக் குத்தித் திறக்க, பின்னாலேயே லைசின் நுழைகிறது. ஆர்ட்டிலைசின் என்று பெயர். ஆர்ட்-175 என்ற வடிவத்தில் மூன்று சிஸ்டீன்களைச் செரினாக மாற்றினார்கள், இல்லையென்றால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். ஆன்டிபயாடிக்கைப் பார்த்ததும் உறக்கத்துக்குப் போய்த் தப்பிக்கும் செல்களையும் இது கொன்றது; தூங்கும் கிருமிக்கும் சுவர் இருக்கிறதல்லவா. குறை, இரத்த உப்பும் சீரமும் இப்படிப்பட்ட நேர்மின்னூட்டப் பெப்டைடுகளை மழுங்கடித்துவிடுகின்றன.

அதற்கும் ஒரு பதில் 2019-இல் ராக்ஃபெல்லரிலிருந்தே வந்தது. சூடோமோனாஸ் தன் பங்காளிகளைக் கொல்ல பயோசின் எஸ்-2 என்ற புரதத்தைச் சுரக்கிறது. இரும்பை உள்ளே இழுக்கும் ஏற்பி வழியாக அது நுழையும். அந்த நுழையும் பகுதியை வெட்டி லைசினோடு ஒட்டினார்கள். இரும்புக்குத் திறக்கும் கதவில் நொதி உள்ளே போய்விடுகிறது, சீரம் தடுப்பதில்லை. ஆனால் அந்தக் குறிப்பிட்ட ஏற்பி இல்லாத சூடோமோனாஸ் ரகங்களுக்கு இது செல்லாது. லைசினின் பெரிய வசதியே இனம் முழுவதையும் தாக்குவது. ரகத்துக்கு ரகம் பார்க்க வேண்டிய ஃபேஜின் பழைய சிக்கல் இங்கே பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடுகிறது.

கை எட்டும் இடங்கள்

இத்தனையும் பார்த்த பிறகு ஒரு கருத்தைத் தயங்காமல் சொல்லலாம்: லைசின்களின் முதல் உண்மையான இடம் இரத்தம் அல்ல, நேராகக் கொண்டுபோய்ப் பூசவோ செலுத்தவோ முடிகிற இடங்கள். அங்கே அரை ஆயுள் ஒரு பொருட்டில்லை, எண்டோடாக்சின் வரம்பு இளகும், நொதியின் செறிவை நூறு மடங்கு ஏற்றலாம்.

மூக்கு அப்படி ஓர் இடம். ஆரோக்கியமானவர்களில் மூன்றில் ஒருவர் வரை ஆரியஸை மூக்கில் சுமக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் தொற்று பலருக்கு அவர்களுடைய சொந்த மூக்கிலிருந்தே வருகிறது. பெங்களூரின் கங்காஜென் நிறுவனம் உருவாக்கிய பி-128 இதைக் குறிவைத்தது. அது சுத்தமான எண்டோலைசின் அல்ல. ஃபேஜ் கே கிருமிக்குள் நுழையும்போது சுவரில் துளையிடும் வால் புரதத்தின் அறுக்கும் பகுதியையும், முன்பு சொன்ன லைசோஸ்டஃபினின் பிடிக்கும் பகுதியையும் சேர்த்த ஒட்டுப் புரதம். வெளியிலிருந்து துளைக்கவே பிறந்த பகுதி என்பதால், வெளியிலிருந்து கொல்ல அதுவே பொருத்தம் என்ற தர்க்கம் எனக்கு இந்தத் துறையின் நேர்த்தியான யோசனைகளில் ஒன்றாகப் படுகிறது. மூக்கில் தடவும் ஜெல்லாக அதைச் சிங்கப்பூரில் மனிதர்களிடம் சோதித்தார்கள்.

தோலில் முடிவு கலவையானது. நெதர்லாந்தின் மைக்ரியோஸ் நிறுவனத்தின் ஸ்டஃபெஃபெக்ட் கிரீமாக விற்பனைக்கே வந்தது. ஆனால் கரப்பான் வகை எக்சிமா நோயாளிகளுக்கு 12 வாரம் தடவி, போலி மருந்தோடு ஒப்பிட்டபோது, ஸ்டீராய்டு களிம்பின் தேவை குறையவில்லை. தோலின் ஆரியஸைக் கொல்வதும் எக்சிமாவை ஆற்றுவதும் ஒன்றல்ல என்பதுதான் அங்கே தெரிந்தது. கிருமி நோயின் காரணமா, நோயில் குடியேறிய விருந்தாளியா என்ற கேள்வியை நொதியால் தீர்க்க முடியாது. பெண்ணுறுப்பில் பாக்டீரியா சமநிலை குலைவதால் வரும் வஜினோசிஸுக்கு வியன்னாவில் உருவான பி.எம்-477 இந்தக் கோணத்தில் அதிக நம்பிக்கை தருகிறது. அது நோயோடு தொடர்புள்ள கார்ட்னரெல்லா கிருமியைக் கொன்று, காவலாக இருக்கும் லாக்டோபேசில்லஸை விட்டுவிடுகிறது. வழக்கமான ஆன்டிபயாடிக்கான மெட்ரோனிடசோல் கொடுத்தும் திரும்பத் திரும்ப வரும் நோய்க்கு, எதைக் கொல்லாமல் விடுகிறோம் என்பதே பாதி வைத்தியம்.

மூட்டு மூன்றாவது இடம். பிரான்சின் லியோன் நகரில், செயற்கை முழங்காலில் பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் குடியேறி, திரும்பத் திரும்பத் தொற்று கிளம்பிய நால்வருக்கு, மூட்டைத் துளைவழியே கழுவிச் சுத்தம் செய்தபின் எக்செபகேஸை நேராக மூட்டுக்குள் செலுத்தினார்கள். 2021-இல் விவரங்கள் வெளியாயின. உலோகத்தின் மேல் கிருமிகள் கட்டும் பசைப்படலத்தைக் கரைப்பதில் இந்த நொதி ஆய்வகத்தில் வல்லது, மூடிய மூட்டில் அதற்கு நேரமும் கிடைக்கிறது. நால்வருக்கும் கழுவலும் ஆன்டிபயாடிக்கும் சேர்ந்தே போனதால் நொதியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அதைப் பிரித்துக் காட்ட, பல மருத்துவமனைகள் சேர்ந்து நோயாளிகளை இரு குழுவாகப் பிரிக்கும் ஆய்வு வேண்டும், நொதிக் குப்பிகளும் வேண்டும். கான்ட்ராஃபெக்ட் 2023 டிசம்பரில் திவால் மனு கொடுத்துவிட்டது.